வீட்டு இணையம் ஏன் மந்தமாகிறது? நாற்பதாண்டு விடைகள்: ஒரு மதிப்பீடு

மாலை ஏழு மணிக்கு மேல் படம் பாதியில் நின்று வட்டம் சுற்றுகிறது. வீடியோ அழைப்பில் எதிர்முனைக் குரல் துண்டு துண்டாக வருகிறது. ஒரு தளத்தைத் தட்டினால் சில வினாடிகள் வெறும் திரையே நிற்கிறது. பிறகு எல்லாம் மொத்தமாக வந்து விழுகிறது. மூன்றையும் வீடுகளில் ‘நெட் ஸ்லோ’ என்றே சொல்கிறோம். ஆனால் மூன்றுக்கும் காரணம் வேறு வேறாக இருக்கலாம். அப்படியிருந்தால் தீர்வும் வேறுதான்.

இந்தக் கேள்வி வீட்டு இணையத்தைவிட மூத்தது. 1986 அக்டோபரில் கலிஃபோர்னியாவில், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே 400 கெஜத் தொலைவே இருந்த ஓர் இணைப்பு, வினாடிக்கு 32 கிலோபிட்டிலிருந்து 40 பிட்டுக்குச் சரிந்தது. கம்பி அறுபடவில்லை. போய்ச் சேராத தரவுப் பொதிகளைக் கணினிகள் திரும்பத் திரும்ப அனுப்பியதால் நெரிசலே மேலும் நெரிசலை வளர்த்தது. இதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் 1988இல் வெளியிட்ட கட்டுரை, நெரிசல் தெரிந்ததும் அனுப்பும் கணினி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் முறையை விளக்கியது. இன்றைய இணையம் நிலைகுலையாமல் ஓடுவதில் அந்த முறைக்குப் பெரும் பங்கு உண்டு.

அதற்குப் பின் மந்தத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்களை ஐந்து நிலைப்பாடுகளாகத் தொகுக்கலாம்: கொள்ளளவு, கம்பி, வைஃபை, வரிசை, தொலைவு. ஒவ்வொன்றும் தன் காலத்தில் பெருமளவு சரியாகவே இருந்தது. ஒரு குறுகலான இடத்தை அகலமாக்கியதும் மந்தம் அடுத்த குறுகலான இடத்துக்கு நகர்ந்தது என்பதே இவ்வரலாற்றில் தெரியும் போக்கு. ஆகவே இன்று ஒரு வீட்டில் எந்த விடை பொருந்தும் என்பது, எந்த இடத்தில் நின்று அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது. எங்கும் அளக்காமல் செலவு செய்யும் குடும்பங்களே இதில் அதிகம் இழக்கின்றன.

முதல் விடை: ‘பிளானை ஏற்றுங்கள்’

வேகம் போதவில்லை, ஆகவே கூடுதல் வேகம் வாங்க வேண்டும் என்பது மிகப் பழைய, மிக இயல்பான விடை. தொலைபேசிக் கம்பியில் வினாடிக்கு 56 கிலோபிட் மோடம் கூவிக்கொண்டிருந்த காலத்தில் இதை மறுக்க இடமில்லை. இந்தியாவின் 2004ஆம் ஆண்டு பிராட்பேண்ட் கொள்கை, வினாடிக்கு 256 கிலோபிட் இருந்தாலே பிராட்பேண்ட் என்றது. அந்தக் குறைந்தபட்ச வரம்பு பின்னர் 512 கிலோபிட்டாகவும், 2023இல் 2 மெகாபிட்டாகவும் உயர்ந்தது. 256 கிலோபிட்டில் படம் பார்க்க முயன்றவருக்குக் கொள்ளளவுதான் பிரச்சினை என்பதை யாரும் விளக்கத் தேவையிருந்திருக்காது.

இந்நிலைப்பாட்டின் மீதான விமர்சனமும் பழையது. கொள்ளளவு ஒன்று, தாமதம் வேறு; இரண்டாவதைப் பணம் கொடுத்துக் குறைப்பது கடினம் என்று ஸ்டூவர்ட் செஷயர் 1996இலேயே எழுதினார். கூகுளில் பணியாற்றிய மைக் பெல்ஷி 2010இல் இதை அளந்து காட்டினார். வினாடிக்கு 1 மெகாபிட்டை 2 ஆக்கியபோது பக்கங்கள் திறக்கும் நேரம் கணிசமாகக் குறைந்தது. 5 மெகாபிட்டை 10 ஆக்கியபோதோ சுமார் 5 சதவீதமே குறைந்தது. தாமதத்தைக் குறைத்தபோது, குறைத்த ஒவ்வொரு படியிலும் பலன் கிடைத்தது. ஒரு பக்கம் திறக்க உலாவி பல முறை கேட்டுப் பதில் பெற வேண்டியிருப்பதே காரணம். ஒவ்வொரு கேள்விக்கும் போய்வரும் நேரம் செலவாகிறது. குழாய் எவ்வளவு அகலமாயினும் அந்த நேரம் குறையாது.

கொள்ளளவு வாதம் இன்றும் முற்றிலும் காலாவதியாகவில்லை. 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் பரிந்துரைக்கும் வேகம் வினாடிக்கு 15 மெகாபிட். நான்கு பேர் நான்கு திரைகளில் பார்க்கும் வீட்டுக்கு 40 மெகாபிட் பிளான் உண்மையாகவே போதாது. மாதத் தரவு வரம்பைத் தாண்டியதும் வேகத்தைக் குறைக்கும் எஃப்.யு.பி. விதியும் பலருக்கு மாதக் கடைசியில்தான் தெரியவருகிறது. ஒரு சிறு கணக்குக் குழப்பத்தையும் இங்கே தீர்த்துக்கொள்ளலாம். பிளான்கள் பிட்டில் விற்கப்படுகின்றன. கோப்புகளின் அளவு பைட்டில் காட்டப்படுகிறது. 100 மெகாபிட் இணைப்பில் பதிவிறக்கம் வினாடிக்கு 12 மெகாபைட் என்று காட்டினால் இணைப்பில் குறையில்லை.

இரண்டாம் விடை: கம்பி

வீட்டுக்கு வரும் கடைசிக் கம்பியே காரணம் என்பது லைன்மேன்களின் அனுபவத்தில் பிறந்த விடை. செப்புக் கம்பியில் வந்த ஏ.டி.எஸ்.எல். இணைப்பில் இது வெளிப்படை. ஏ.டி.எஸ்.எல்.2+ முறையின் உச்ச வேகம் வினாடிக்கு 24 மெகாபிட். ஆனால் தொலைபேசி நிலையத்திலிருந்து தொலைவு கூடக் கூட அது வேகமாகத் தேயும். மழைக்காலத்தில் இணைப்புப் பெட்டிக்குள் ஈரம் இறங்கினால் மேலும் தேயும்.

ஃபைபர் வந்தபின் இந்த விடை மறைந்துவிடவில்லை, வடிவம் மாறியது. பெரும்பாலான ஃபைபர் இணைப்புகள் ஜிபான் என்ற முறையில் இயங்குகின்றன. ஓர் இழையில் கீழ்நோக்கி வரும் வினாடிக்கு 2.488 கிகாபிட் கொள்ளளவை, ஒளியைப் பிரித்துத் தரும் ஸ்பிளிட்டர் வழியாக 32 அல்லது 64 வீடுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. 64 வீடுகளும் ஒரே நொடியில் முழுவேகம் கேட்டால் தலைக்குச் சுமார் 39 மெகாபிட்தான் வரும். நடைமுறையில் எல்லோரும் ஒரே நொடியில் கேட்பதில்லை. அந்த நம்பிக்கையின் மேல்தான் பங்கீடு நிற்கிறது. இதே நம்பிக்கை மேல்மட்ட இணைப்புகளிலும் உண்டு. வீட்டு இணைப்புகளில் 50 பேருக்கு ஒரு பங்கு, வணிக இணைப்புகளில் 30 பேருக்கு ஒரு பங்கு என்ற வரம்பைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2009இல் வழிகாட்டுதலாகச் சொன்னது. காலையில் சரியாக இருந்து மாலையில் மட்டும் சரியும் இணைப்பில் முதலில் ஐயப்பட வேண்டிய இடம் இது.

ஒளியின் அளவும் ஒரு தடயம். வீட்டில் ஃபைபர் வந்து முடியும் ஓ.என்.டி. கருவிக்கு வந்துசேரும் ஒளி, பரவலாகப் பயன்படும் வகையில் மைனஸ் 8 முதல் மைனஸ் 27 டி.பி.எம். வரை இருக்கலாம். ஜன்னல் கம்பியில் இழை கூர்மையாக மடிந்திருந்தாலோ, கனெக்டர் முனையில் அழுக்குப் படிந்திருந்தாலோ அளவு கீழிறங்கும். 3 டெசிபெல் இழப்பு என்றால் ஒளியில் பாதி போய்விட்டது என்று பொருள். பல ஓ.என்.டி.களின் நிர்வாகப் பக்கத்தில் இந்த எண்ணைப் பார்க்க முடியும்.

வீட்டுக்குள் இருக்கும் கம்பியையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 300 மெகாபிட் பிளான் எடுத்தவருக்கு, எப்போது சோதித்தாலும் 94 மெகாபிட்டை ஒட்டியே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மாலையிலும் அதிகாலையிலும் மாறாத இந்த எண்ணே காரணத்தைச் சொல்லிவிடும். எங்கோ ஓர் ஈதர்நெட் இணைப்பு 100 மெகாபிட்டில் ஓடுகிறது. தலைப்புத் தகவல்கள் போக மிஞ்சுவது ஏறக்குறைய 94. கிகாபிட் வேகத்துக்குக் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். கேபிள் முனையில் ஒரு கம்பி சரியாகக் கிரிம்ப் ஆகாமல் இருக்கலாம். அல்லது ரவுட்டரின் போர்ட்டே 100 மெகாபிட் வகையாக இருக்கலாம். 500 மெகாபிட் பிளானுக்கு மாறினாலும் அந்த 94 அசையாது.

கம்பி வாதத்தின் குறை, எல்லாவற்றையும் அது ஆள் வந்து பார்க்கும் வரை தள்ளிப்போடுகிறது என்பதே. லைன்மேன் வரும் காலை வேளையில் இணைப்பு பெரும்பாலும் நன்றாகவே ஓடும்.

மூன்றாம் விடை: வைஃபை

வேகமான ஃபைபர் பரவிய இடங்களில் ஐயம் வெளிக் கம்பியிலிருந்து வீட்டுக்குள் நகர்ந்தது. ஸ்ரீகாந்த் சுந்தரேசன், நிக் ஃபீம்ஸ்டர், ரெனாட்டா டெய்ஷேரா ஆகியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுவான சான்று. அமெரிக்க வீடுகள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவற்றிலும் வேறு நாடுகளின் சில வீடுகளிலும் ரவுட்டரிலேயே அளந்து, குறுகலான இடம் வெளிக் கம்பியா வைஃபையா என்று அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். வினாடிக்குச் சுமார் 20 மெகாபிட்டைத் தாண்டிய இணைப்புகளில் வெளிக் கம்பி தடையாக இருந்தது அரிது. வைஃபையே அதிகம் தடுத்தது.

காரணங்களும் ஓரளவு தெளிவாக அறியப்பட்டவை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபது ரவுட்டர்கள் இந்த மூன்றுக்குள் நெருங்க வேண்டியிருக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் அதிகம். இந்தியா 2018இல் அந்த அலைவரிசையின் பெரும்பகுதியை உரிமமின்றிப் பயன்படுத்த விட்டது. ஆனால் அது செங்கற்சுவரையும் கான்கிரீட்டையும் கடக்கும்போது கூடுதலாகத் தேய்கிறது. ஹாலில் பறக்கும் இணைப்பு உள்ளறையில் தவழ்வதற்கு இதுவே வழக்கமான காரணம்.

இதைவிடக் குறைவாகப் பேசப்படும் இன்னொரு காரணத்தை 2003இல் பிரெஞ்சு ஆய்வாளர் மார்ட்டின் ஹூஸும் அவர் குழுவினரும் காட்டினர். வைஃபை எல்லாக் கருவிகளுக்கும் சமமான வாய்ப்புகளைத் தருகிறது. தொலைவில் இருக்கும் ஒரு பழைய கைபேசி தன் ஒவ்வொரு வாய்ப்பிலும் நீண்ட நேரம் எடுத்துக்கொள்வதால், ரவுட்டருக்கு அருகிலிருக்கும் கருவிகளும் ஏறக்குறைய அதன் வேகத்துக்கே இறங்கிவிடுகின்றன. வாய்ப்புக்குப் பதிலாக நேரத்தைச் சமமாகப் பங்கிடும் தீர்வை ஸ்வீடனில் பணியாற்றிய டோக்கே ஹொய்லாண்ட்-யோர்கன்சனும் சகாக்களும் 2017இல் விளக்கி, லினக்ஸிலும் சேர்த்தனர். மலிவான ரவுட்டர்களில் அத்தகைய தீர்வு இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

‘ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க’ என்ற அறிவுரையையும் இங்கே எடைபோடலாம். அது வெறும் சடங்கு இல்லை. நிரம்பிய இணைப்பு அட்டவணை காலியாகும்; ரவுட்டர் வேறு சேனலைத் தேர்ந்துகொள்ளக்கூடும். ஆனால் பழுதின் தடயமும் அதோடு அழிந்துவிடும். தினமும் ஆஃப் செய்தால்தான் ஓடும் ரவுட்டரில் காரணம் அப்படியே இருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

வைஃபை வாதத்தின் பலவீனம், அது வாடிக்கையாளர் சேவை மையங்களுக்கு மிகவும் வசதியானது என்பதே. கேபிளில் அளந்து பார்க்காமல் ‘உங்க வைஃபைதான் பிரச்சினை’ என்று சொல்லும்போது, பொறுப்பு எந்தச் சான்றுமின்றி வீட்டுக்காரர் தலையில் விழுகிறது. மேற்கண்ட 2016 ஆய்வும் பெரும்பாலும் அமெரிக்க வீடுகளைப் பற்றியது. தளத்துக்குத் தளம் கான்கிரீட் போட்ட நம் ஊர் வீடுகளுக்கு அதன் 20 மெகாபிட் எல்லையை அப்படியே பொருத்துவது சரியாகாது.

நான்காம் விடை: வரிசை

வேகச் சோதனையில் முழு எண் வருகிறது. ஆனாலும் வீட்டில் ஒருவர் கைபேசிப் படங்களை மேகச் சேமிப்பில் ஏற்றத் தொடங்கியதும் இன்னொருவரின் வீடியோ அழைப்பு குலைகிறது. முதல் மூன்று விடைகளும் இதை விளக்குவதில்லை. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜிம் கெட்டிஸ் தன் வீட்டு இணைப்பில் இதைக் கண்டு, 2010 இறுதியில் பஃபர்புளோட் என்ற பெயரில் பொதுக் கவனத்துக்குக் கொண்டுவந்தார்.

காரணம் மோடத்திலும் ரவுட்டரிலும் பொதிகளைக் காத்திருக்க வைக்கும் அளவுக்கு மீறிய பஃபர். நினைவகம் மலிவானபோது, எந்தப் பொதியும் தவறிவிடக் கூடாது என்று தயாரிப்பாளர்கள் பெரிய பஃபர்களை வைத்தார்கள். அனுப்பும் வேகம் வினாடிக்கு 1 மெகாபிட், பஃபர் 256 கிலோபைட் என்றால், அது நிரம்பியபின் வரும் ஒவ்வொரு பொதியும் இரண்டு வினாடிக்கு மேல் காத்திருக்கும். ஜேக்கப்சனின் முறை பொதி தவறுவதை நெரிசலின் அறிகுறியாகக் கொள்கிறது. பஃபர் பெரிதானால் அந்த அறிகுறி மிகத் தாமதமாகவே வருகிறது. அதுவரை அனுப்பும் கணினி வரிசையை நீட்டிக்கொண்டே போகிறது. பொதிகளைக் காப்பாற்ற வைத்த ஏற்பாடே அழைப்பைக் கெடுக்கிறது.

எல்லையற்ற நினைவகம் இருந்தாலும் நெரிசல் தீராது என்று ஜான் நேகில் 1985இலேயே எச்சரித்திருந்தார். சாலி ஃபிளாய்டும் ஜேக்கப்சனும் 1993இல் முன்வைத்த ரெட் என்ற தீர்வுக்கு அளவுருக்களைச் சரியாகப் பொருத்துவது கடினமாக இருந்ததால், அது வீடுகளை எட்டவில்லை. கேத்லீன் நிக்கல்ஸும் ஜேக்கப்சனும் 2012இல் அறிவித்த கோடெல், வரிசையின் நீளத்தைப் பார்க்காமல் ஒரு பொதி எவ்வளவு நேரம் காத்திருந்தது என்பதைப் பார்க்கிறது. 5 மில்லிவினாடி என்ற இலக்கைத் தொடர்ந்து மீறும்போது பொதிகளைக் கைவிடத் தொடங்குகிறது. இதோடு ஒவ்வொரு உரையாடலுக்கும் தனி வரிசை தரும் வடிவம் 2018இல் இணையப் பொறியியல் பணிக்குழுவின் ஆவணமாக வெளிவந்தது.

இந்நிலைப்பாடு வீட்டு வேகச் சோதனைகளின் பெரிய குருட்டுப் புள்ளியைக் காட்டித் தந்தது. ஆயினும் வரம்புகள் உண்டு. குறுகலான இடம் ரவுட்டருக்கு அப்பால் இருந்தால், வேகத்தைப் பிளானைவிடச் சற்றுக் குறைவாக வரையறுத்து வரிசையை ரவுட்டருக்குள் இழுக்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். நூற்றுக்கணக்கான மெகாபிட்டில் அந்த வேலையை மலிவான ரவுட்டரின் செயலி தாங்காமல் போகலாம். ஏற்றும் வேகமும் இறக்கும் வேகத்துக்கு நிகராக உள்ள ஃபைபர் பிளான்களில் சிக்கல் குறைகிறது. வைஃபையின் சொந்த வரிசைகளில் அது மீண்டும் தலைகாட்டலாம்.

ஐந்தாம் விடை: தொலைவும் சந்திப்புகளும்

வீட்டிலும் தெருவிலும் எல்லாம் சரியாக இருந்தும் ஒரு சேவை மட்டும் மந்தமாவது உண்டு. ஒளி இழைக்குள் வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் நேர்த்தொலைவில் சுமார் 2,900 கிலோமீட்டர்; போய்வர 29 மில்லிவினாடிக்குக் குறைய இயற்கை அனுமதிக்காது. கேபிள் செல்லும் பாதை இதைவிட நீளம். அந்தப் பாதையே அறுந்தால் பாதிப்பு நாடு முழுதும் தெரியும். 2008 ஜனவரி 30 அன்று அலெக்ஸாண்டிரியா அருகே இரு கடலடிக் கேபிள்கள் துண்டானபோதும், 2025 செப்டம்பரில் செங்கடலில் கேபிள்கள் சேதமடைந்தபோதும், இந்தியப் பயனர்கள் அதை உணர்ந்தனர். அத்தகைய நாளில் ரவுட்டரை மாற்றுவது வீண் செலவு.

நிறுவனங்கள் ஒன்றோடொன்று சந்திக்கும் இடங்களும் நெரியக்கூடும். அமெரிக்காவில் காம்காஸ்ட் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்கு நெட்ஃபிளிக்ஸ் மந்தமானது. 2014 பிப்ரவரியில் இரு நிறுவனங்களும் நேரடி இணைப்புக்கு உடன்பட்டபின் நிலைமை சீரானது. அதேசமயம் கெய்டா ஆய்வு மையத்தினர் 2018இல் வெளியிட்ட நீண்டகால அளவீடு, இத்தகைய நெரிசல் அமெரிக்காவில் எங்கும் பரவிய நிலையான நோய் என்பதற்குச் சான்று காணவில்லை. சில சந்திப்புகளில் மட்டும் அது நீடித்தது.

‘டி.என்.எஸ்ஸை மாத்துங்க’ என்ற பிரபலமான அறிவுரையும் வீட்டுக்கு வெளியே உள்ள காரணத்தைக் குறிவைப்பதே. தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது டி.என்.எஸ். கூகுள் 2009இல் 8.8.8.8 முகவரியையும், கிளவுட்ஃபிளேர் 2018இல் 1.1.1.1 முகவரியையும் பொதுவில் திறந்தன. நிறுவனத்தின் சொந்த டி.என்.எஸ். தடுமாறும்போது இவை உண்மையாகவே உதவும். தளம் திறக்கும் முதல் வினாடியின் காத்திருப்பு குறையும். பதிவிறக்க வேகம் பொதுவாக மாறாது. சில நேரம், அருகிலுள்ள சேமிப்பு சர்வருக்குப் பதிலாகத் தொலைவிலுள்ள சர்வருக்கு இவை வழிகாட்டி நிலைமையை மோசமாக்கவும் கூடும்.

அளவீடு என்னும் தனிக் கேள்வி

இந்த ஐந்தையும் பிரித்தறிய அளவீடு வேண்டும்; ஆனால் அளவீடே சர்ச்சைக்குரியது. 2006இல் வந்த ஊக்லாவின் ஸ்பீட்டெஸ்ட் அருகிலுள்ள சர்வரோடு பல இணைப்புகளைத் திறந்து, கம்பியின் உச்சத்தை அளக்க முயல்கிறது. நெட்ஃபிளிக்ஸ் 2016இல் தொடங்கிய ஃபாஸ்ட் தளம் தன் சொந்த சர்வர்களோடு அளக்கிறது. இரண்டிலும் வேறு எண் வந்தால் ஒன்று பொய் என்று பொருளில்லை. இரண்டும் வேறு பாதைகளை அளந்திருக்கின்றன. சோதனை முறைகளின் வேறுபாடே முடிவுகளைப் பெரிதும் மாற்றுகிறது என்று மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பாயர், கிளார்க், லேர் ஆகியோர் 2010இலேயே விளக்கினர். ஆப்பிள் 2021இல் மேக் கணினிகளில் சேர்த்த சோதனை, இணைப்பு சுமையோடு இருக்கும்போது எவ்வளவு விரைவாகப் பதிலளிக்கிறது என்பதையும் அளக்கிறது. வரிசை வாதம் பொது ஏற்பை நோக்கி நகர்வதற்கு அதை ஓர் அறிகுறியாகக் கொள்ளலாம்.

இவற்றிலிருந்து ஒரு நியாயமான வரிசைமுறை கிடைக்கிறது. முதலில் மற்றக் கருவிகளை நிறுத்திவிட்டு, ரவுட்டரோடு கேபிளில் இணைத்த கணினியில் அளக்க வேண்டும்; பிளான் வேகம் வரவில்லையென்றால் பொறுப்பு பெரும்பாலும் நிறுவனத்தின் பக்கம். வந்தால், அதே சோதனையை வைஃபையில் ரவுட்டர் அருகிலும் உள்ளறையிலும் செய்ய வேண்டும். பிறகு பெரிய கோப்பு ஒன்றை ஏற்றிக்கொண்டே பிங், அதாவது போய்வரும் நேரம், பார்க்க வேண்டும். 20 மில்லிவினாடி 400 ஆனால் வரிசைதான் காரணம். ஒரு சேவை மட்டும் மந்தமென்றால், அதையே கைபேசி டேட்டாவில் திறந்து ஒப்பிடலாம். காலை, மாலை இரு வேளையும் சில நாள் குறித்துவைத்த எண்கள் இருந்தால் புகாருக்கு வலு கூடும்.

தீராதவை

முதல் படியிலேயே ஒரு நடைமுறைத் தடை உண்டு. ஈதர்நெட் போர்ட் உள்ள கணினி பல வீடுகளில் இல்லை. கைபேசி மட்டுமே இருக்கிறது. வைஃபையைத் தவிர்த்து அளக்க அவர்களுக்கு எளிய வழியில்லை. அமெரிக்காவில் 2011 முதல் தன்னார்வ வீடுகளில் ரவுட்டரோடு பெட்டிகளைப் பொருத்தி ஒழுங்குமுறை ஆணையம் அளந்துவருகிறது. அத்தகைய சுதந்திரமான அளவீடு இந்திய வீடுகளுக்கும் பரவலாகக் கிடைத்தால், எந்த விடை நம் சூழலுக்கு அதிகம் பொருந்துகிறது என்பதை ஊகமின்றிப் பேசலாம்.

ரவுட்டரே தன் பழுதைக் கண்டறிந்து நிறுவனத்துக்குச் சொல்லும் ஏற்பாடு வளர்ந்துவருகிறது. அது உதவக்கூடும்; ஆனால் வீட்டுக்குள் எந்தக் கருவி எப்போது இயங்குகிறது என்பதை நிறுவனம் அறிந்துகொள்வதும் அதோடு சேர்ந்தே வரும். 2023இல் ஆவணமாக்கப்பட்ட எல்4எஸ் போன்ற முறைகள் வரிசையை ஏறக்குறைய ஒழிக்கும் நோக்கம் கொண்டவை. செயலி, இயங்குதளம், மோடம், நிறுவனம் எல்லாம் ஒத்துழைத்தால்தான் பலன் முழுமையாகும். பழைய முறைகளோடு அவை எவ்வளவு நியாயமாகப் பங்கிடும் என்ற விவாதமும் தொடர்கிறது.

இப்போதைக்கு ஓரளவு உறுதியோடு சொல்லக்கூடியவை இவை: சில பத்து மெகாபிட்டுக்கு மேல் வேகம் கொண்ட வீட்டில், பிளானை ஏற்றுவது பெரும்பாலும் முதல் தீர்வாக இருக்க வேண்டியதில்லை. எந்தத் தனி விடையும் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. கேபிளில் ஒருமுறை, வைஃபையில் ஒருமுறை, சுமையோடு ஒருமுறை அளப்பதற்கு முன் செலவழிக்கும் பணம் தவறான இடத்தில் விழ வாய்ப்பு அதிகம். பிளானில் வேகத்தோடு சுமைநேரத் தாமதத்தையும் அச்சிட நிறுவனங்கள் கடமைப்பட்டால், அளந்து பார்க்கும் பொறுப்பில் ஒரு பகுதியாவது வீட்டுக்காரரின் தோளிலிருந்து இறங்கும். அந்தக் கடமையை எந்த அளவுகோலால், எந்த இடத்தில் அளந்து விதிப்பது என்பது இன்னும் முடிவாகாத கேள்வி.